கிறித்தவ மரபிற் சீவகாருணியம்: மலைநாட்டிலிருந்து ஒரு நோக்கு

உயிர்கள்மாட்டு இரக்கம் பூணுதல் பாரத நாட்டுச் சமயங்களுக்கே உரிய தனிச் சொத்து என்பதும், மேலைநாட்டிலிருந்து வந்த கிறித்தவ சமயம் விலங்குகளை மனிதனுக்கு உணவாகவும் ஊழியமாகவும் மட்டுமே கருதிற்று என்பதும் நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்துக்களாகும். சமயச் சொற்பொழிவுகளிலும் பேச்சுப் போட்டிகளிலும் இக்கருத்துக்கள் ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. வரலாறு கற்போர்க்கு அது தகாது. கிறித்தவ மரபு, தான் வளர்த்துப் பயன்கொண்ட ஆடு மாடுகளைப் பற்றி யாது கூறிற்று, அக்கூற்று எக்காலத்தில் ஓங்கி எக்காலத்தில் ஒடுங்கிற்று, தமிழ்க் கிறித்தவர் அதனை எவ்வாறு ஏற்றனர் என்பவற்றை நோக்கி, அந்நோக்கு கொத்மலைப் பகுதியில் வாழும் நமக்கு எதனைக் கற்பிக்கின்றது என்று காண்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கத்திலேயே ஒரு பாகுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று. புலால் உண்ணாமை வேறு. விலங்கைத் துன்புறுத்தாமை வேறு. தன் பிழைப்புக்காக வளர்த்த விலங்கின் வாழ்வுக்கும் முடிவுக்கும் பொறுப்பேற்றல் வேறு. முதலாவது, தூய்மை கருதியோ குலவொழுக்கம் கருதியோ நோன்பு கருதியோ இரக்கமின்றியும் நிகழக்கூடும். இரண்டாவது, சட்டத்துக்கு அஞ்சியும் நிகழக்கூடும். மூன்றாவதே கடினமானது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியமையாலேயே சைவருங் கிறித்தவரும் இப்பொருள் பற்றி ஒருவரையொருவர் இகழ்ந்துரைக்க நேர்ந்தது எனலாம்.

கிறித்தவருடைய வேதாகமத்தின் தொடக்க ஏட்டிலேயே இறைவன் மனிதனுக்குப் பயிர்பச்சைகளையும் கனிகளையுமே உணவாக வகுத்தான் என்ற செய்தி உண்டு. பெருவெள்ளத்துக்குப் பின்னரே ஊன் உண்ண இசைவு அளிக்கப்படுகின்றது. பழைய ஏற்பாட்டுச் சட்டங்களில், ஏழாம் நாள் ஓய்வு எருதுக்கும் கழுதைக்கும் உரியது என விதிக்கப்பட்டது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டுதல் தடுக்கப்பட்டது. பகைவனுடைய கழுதையாயினும் சுமையின்கீழ் விழுந்து கிடக்கக் கண்டால் தூக்கிவிடல் வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. நினிவே நகரை அழியாது விடுவதற்குக் காரணங் கூறும் இறைவன், அந்நகரின் மக்களோடு அங்குள்ள கால்நடைகளையுஞ் சேர்த்தே எண்ணுகின்றான். ஓய்வுநாளிற் கிணற்றில் விழுந்த எருதை எவனுந் தூக்காது விடுவானோ என்று இயேசுநாதர் வினவியபோது, கேட்டோர் அனைவரும் தம் வீட்டு மாட்டை நினைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆடு மேய்ப்போரும் உழவரும் வாழ்ந்த நாட்டில் எழுந்த நூலாதலின், அதன் அறவுரைகள் தொழுவத்தை அடுத்தே நிற்கின்றன.

ஆயின் அந்நூலிலேயே மறுபக்கமும் உண்டு. ஆலயத்தில் ஆடுமாடுகளைப் பலியிடும் முறைகளும் அங்கு விரிவாகக் கூறப்பட்டுள்ளன. போரடிக்கும் மாட்டைப் பற்றிய விதியை எடுத்தாளும் பவுலடிகள், அவ்விதி மாட்டுக்காகவோ மனிதருக்காகவோ என வினவி, மனிதருக்காகவே எனப் பொருள் கொள்கின்றார். பிற்காலத்து ஐரோப்பியச் சமய அறிஞர் பலர் இவ்வழியையே பின்பற்றினர். 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்குவினாசு தோமையார், விலங்குக்குக் கொடுமை செய்வோன் நாளடைவில் மனிதனுக்குங் கொடுமை செய்யப் பழகுவான் என்பதையே தடைக்குரிய முக்கிய காரணமாகக் காட்டினார். விலங்கின் வேதனை தன்னளவிற் பெரிதாக எண்ணப்படவில்லை. இதற்கு மாறாக, 7 ஆம் நூற்றாண்டுச் சிரியத் துறவியாகிய நினிவே ஈசாக்கு என்பார், பறவை, விலங்கு, ஊர்வன ஆகிய எல்லாவற்றின் துன்பத்தையுங் கண்டு கசியும் நெஞ்சமே இரக்கமுடைய நெஞ்சம் என்று போதித்தார். 1226 இல் மறைந்த அசிசி நகரத்துப் பிரான்சிசு முனிவர் படைப்புக்கள் யாவற்றையும் உடன்பிறப்புக்களாக அழைத்தமை உலகறிந்த செய்தி. உரோமை நகரில் வனத்து அந்தோனியார் திருநாளாகிய ஜனவரி 17 இல் ஆடு மாடு குதிரைகளைக் கொணர்ந்து ஆசி பெறும் வழக்கமும் உண்டு. இவர் நம் நாட்டார் கொச்சிக்கடையில் வணங்கும் பதுவை அந்தோனியார் அல்லர். எகிப்திய பாலைநிலத்துத் துறவியாவர். அவர் திருநாளும் நம்முடைய பட்டிப் பொங்கலும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வருதல் நோக்கத்தக்கது.

சமயவாதிகளின் உள்ளத்தில் ஒடுங்கிக்கிடந்த இவ்விரக்கம் சட்டமாகவும் சங்கமாகவும் உருப்பெற்றது இங்கிலாந்திலாகும். 1776 இல் அம்பிரி பிறைமற்று என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், விலங்குகளுக்கு இரங்குதல் கிறித்தவனின் கடமை என நிறுவும் நூலொன்றை வெளியிட்டார். வேதனை யாரிடத்து உண்டாயினும் வேதனையே என்பது அவர் கொள்கை. வெண்ணிறமுடையோன் அந்நிறம் காரணமாகக் கருநிறமுடையோனை அடிமைகொள்ள உரிமையற்றவன் ஆவதுபோல, மனித வடிவுடையோன் அவ்வடிவு காரணமாக விலங்கை வதைக்க உரிமையற்றவன் என அவர் வாதித்தார். 1822 இல், இரிச்சாட்டு மாட்டின் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால், மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றை வதைத்தலைத் தண்டிக்கும் சட்டம் நிறைவேறிற்று. 1824 ஆனி மாதம் 16 ஆந் தேதி, ஆதர் புறூம் என்னும் குருவானவரின் அழைப்பின்பேரில் இலண்டன் மாநகரத்துக் கோப்பிக் கடையொன்றிற் சிலர் கூடி, விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினர். அடிமை வாணிகத்தை எதிர்த்துப் புகழ்பெற்ற உவில்பர்போசும் அவர்களுள் ஒருவர். புறூம் தம் கோயிற் பதவியைத் துறந்து சங்கத்துக்கு உழைத்தார். சங்கத்தின் கடனுக்காகச் சிறையும் சென்றார்.

இச்சங்கத்தின் வரலாற்றில் நாம் கருத்தூன்றிக் கற்கவேண்டிய நிகழ்ச்சியொன்றுண்டு. புறூமுக்குப் பின் செயலாளராகிச் சங்கத்தைக் கடனிலிருந்து மீட்டவர் உலூயிசு கொம்பேட்சு என்னும் யூதர். இவர் ஊன் மாத்திரமன்றிப் பாலும் முட்டையும் உண்ணாதவர். குதிரைக்கு வருத்தம் உண்டாகும் என்று வண்டியிலும் ஏறாதவர். 1832 அளவிற் சங்கத்தில் ஒரு சாரார், இது கிறித்தவக் கொள்கையின்மீது நிறுவப்பட்ட சங்கம் எனத் தீர்மானம் இயற்றவே, கொம்பேட்சு விலகி வேறொரு சங்கத்தைத் தொடங்கினார். இரக்கத்திற் பிறரெல்லாரையும் விஞ்சி நின்ற ஒருவரை, சமயப் பெயரின் பொருட்டு அவ்விரக்கச் சங்கமே வெளியேற்றியது. சீவகாருணியத்தைத் தம் சமயத்தின் உடைமையாக உரிமை பாராட்டுவோர் எச்சமயத்தாராயினும், இந்நிகழ்ச்சி அவர்க்கு ஓர் எச்சரிக்கையாகும்.

இலண்டனில் அச்சங்கம் தோன்றிய அதே காலத்தில், 1823-24 அளவில், நம் கொத்மலைக்கு அணித்தாகிய கம்பளைப் பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தோட்ட முறையில் தொடங்கியது. தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கால்நடையாக இம்மலைகளுக்கு வந்தனர். அவர்களோடு இம்மலைகளின் பாரத்தைச் சுமந்தது மாடு. பாதைகள் இல்லாத காலத்திற் பொதிமாட்டுக் கூட்டங்களாகிய தவலங்களே பண்டங்களைச் சுமந்தன. தவலந்தன்னை என்னும் ஊர்ப் பெயரில் அச்சொல் இன்றும் நிற்கின்றது. பாதைகள் வெட்டப்பட்டபின் இரட்டை மாட்டு வண்டிகள் கோப்பியைக் கொழும்புக்கு இறக்கி அரிசியை மலைக்கு ஏற்றின. கோப்பிச் செடிக்கு எரு வேண்டித் துரைமார் மாட்டுப்பட்டிகளை வைத்திருந்தனர். புகையிரதம் 1867 இற் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்த பின்னரே வண்டிமாடுகளின் சுமை படிப்படியாகக் குறைந்தது.  1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குவதையைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கொண்டது. அதன் உச்சத் தண்டப் பணம் நூறு ரூபா. இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006 இற் புதிய வரைவொன்றை ஆக்கியபோதும், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கடந்த அந்நூறு ரூபாவே தண்டமாக இருந்தது.

இவ்விடத்து நம் தோட்டப் பிள்ளைகள் ஒரு வினாவை எழுப்புவர், எழுப்புதலே முறை. மன்னாரிலிருந்து மலைக்கு நடந்த வழியில் மனிதரே காய்ச்சலாலும் பேதியாலும் மடிந்து கிடந்த காலத்தில், மாட்டுக்கு இரங்கியோர் மனிதனுக்கு இரங்கினரோ? 1948 இற் குடியுரிமை இழந்து நின்ற மக்களுக்கு எருதின் துன்பத்தைப் போதிப்பது நகைப்புக்கு இடமாகாதோ? இவ்வினாவிற் கசப்பும் உண்டு, நியாயமும் உண்டு. தன் வேட்டை நாய்க்கு வைத்தியஞ் செய்வித்துத் தன் கூலியாளின் குழந்தையைக் கண்டும் காணாத துரைமகனின் இரக்கத்தை யாம் சீவகாருணியம் எனக் கொள்ளோம். ஆயின் வரலாறு காட்டும் உண்மை யாதெனில், இவ்விரக்கத்தை மெய்யாகக் கொண்டோர் மனிதனையும் விலங்கையும் எதிரெதிர் நிறுத்தவில்லை என்பதே. பிறைமற்றின் வாதம் அடிமைத்தனத்தையும் விலங்குவதையையும் ஒரே கண்ணாற் கண்டது. உவில்பர்போசு இரண்டையும் எதிர்த்தார். ஓர் உயிரை அதனாற் பெறும் ஆதாயத்தின் கணக்கில் மட்டும் எண்ணும் பழக்கமே இரு கொடுமைகளுக்கும் வேர். தலைக்கணக்கில் எண்ணப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களாகிய நாம் அவ்வேரைப் பிறரினும் நன்கு அறிவோம்.

இனித் தமிழ்க் கிறித்தவரிடம் வருவோம். 1606 இல் மதுரைக்கு வந்த உரொபேட்டு தெ நொபிலி என்னும் தத்துவபோதக சுவாமிகள், காவியுடுத்து ஊனை முற்றாக விலக்கி ஒருவேளையே உண்டார். அவர் வழிவந்த துறவியர் பலரும் அவ்வாறே வாழ்ந்தனர். இது புலால் மறுத்தலே. ஆயினும் உயர்குலத்தார் தம்மை ஏற்கவேண்டும் என்னும் நோக்கே அதில் முதன்மை பெற்றிருந்தது. மேற்கூறிய பாகுபாடு இங்கே பயன்படுகின்றது. வீரமாமுனிவர் 1730 இல் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியிற் பெயர்த்தார். போப்பையர் 1886 இல் ஆங்கிலத்தில் முழுமையாக வெளியிட்டார். எனவே புலால் மறுத்தல், கொல்லாமை என்னும் அதிகாரங்கள் ஐரோப்பியக் கற்றோரை அடைந்தமை கிறித்தவக் குருமார் வழியாகவும் நிகழ்ந்தது என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இரக்கத்தையே பொருளாகக் கொண்டு பாடிய தமிழ்க் கிறித்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையாவர். 1826 இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய இவர், 1859 இல் வெளியிட்ட ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலில் விலங்குகளுக்கு இடர் செய்யாமையைத் தனி அதிகாரமாக வைத்தார். தாது வருடப் பஞ்சமென வழங்கும் 1876-78 காலத்துப் பெரும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தவரும் இவரே. மனிதனுக்கு இரங்குவோனே மாட்டுக்கும் இரங்குவான் என்பதற்கு நம் மொழியிலேயே கிடைக்கும் சான்று இது. அக்காலத்திலேயே 1867 இல் வடலூரில் இராமலிங்க அடிகள் தருமசாலையை நிறுவி, சீவகாருணியமே பேரின்ப வீட்டின் திறவுகோல் என முழங்கினார். யாழ்ப்பாணத்தில் நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்து, பின் 1854 இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதிக் கிறித்தவரின் கண்டனங்களுக்கு விடையிறுத்தார். அவரே தம் சமயத்தவர் சிறுதெய்வக் கோயில்களில் ஆடு கோழி பலியிடுதலையுங் கடிந்தார். பிறர் குற்றத்தைக் காட்டிய நாவால் தம்மவர் குற்றத்தையும் காட்டிய நேர்மை அது.

20 ஆம் நூற்றாண்டிலே கிறித்தவ ஆசிரமங்கள் சில இம்மரபை வாழ்க்கையாக்கின. 1921 இல் வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் வைத்தியர்களாகிய யேசுதாசனும் பேற்றனும் நிறுவிய கிறித்துகுல ஆசிரமத்திலும், 1950 இற் குளித்தலைக்கு அணித்தாகிய தண்ணீர்ப்பள்ளியில் எழுந்த சாந்திவனத்திலும் மரக்கறி உணவே வழங்கிற்று. மேலைநாட்டிலோ இந்நூற்றாண்டு புதியதொரு கொடுமையைக் கண்டது. கோழியும் பன்றியும் கன்றும் வெயில் காணாக் கூடுகளில் இயந்திர உறுப்புக்கள்போல் அடைக்கப்பட்டன. நட்புச் சபை என வழங்கும் குவேக்கர் மரபில் வளர்ந்த உரூது அரிசன் அம்மையார் 1964 இல் இதனை நூலாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே பிரித்தானிய அரசு அமைத்த பிறம்பெல் குழுவின் அறிக்கை வெளிவந்தது. விலங்கு எழவும் படுக்கவும் திரும்பவும் உடலைத் துடைத்துக்கொள்ளவும் கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என அவ்வறிக்கை கூறிற்று. 1987 இல் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் அந்துரு இலின்சி கிறித்தவமும் விலங்குகளின் உரிமையும் பற்றிய நூலை எழுதினார். 1992 இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், உணவுக்காக விலங்கைப் பயன்படுத்துதலை ஒப்புக்கொண்டே, விலங்குகளிடத்துத் தயை காட்டுதல் மனிதனின் கடன் என்றும், வீணே அவற்றை வதைத்தல் மனித மாண்புக்கு முரணானது என்றும் வகுத்தது. 2015 இற் பாப்பரசர் பிரான்சிசு வெளியிட்ட சுற்றுமடல், பிற உயிர்கள் மனிதனின் பயனுக்காக மட்டுமே உள்ளன என்னும் எண்ணத்தை மறுத்துரைத்தது.

இவ்வரலாற்றை ஏந்திக்கொண்டு நம் தோட்டத்து லயத்துக்குத் திரும்புவோம். 1854 இற் கண்டியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிசனின் உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்து இம்மலைகளிற் போதித்த காலந்தொட்டு, சைவரும் கிறித்தவரும் ஒரே லயத்தில் வாழ்கின்றனர். ஒரே புல்மேட்டில் புல்லறுக்கின்றனர். கொழுந்துச் சம்பளம் போதாத வீட்டுக்குப் பின்புறத்து மாட்டுக் கொட்டிலில் நிற்கும் ஒரு பசுவே பிள்ளையின் புத்தகத்துக்கும் சீருடைக்கும் வழி. பால் சேகரிக்கும் நிலையத்துக்குச் செல்லும் பாற்குவளை எச்சமயத்து வீட்டினது என்று எவரும் கேட்பதில்லை. அப்பசு ஈனும் கன்று கிடாரியாயின் வீடு மகிழும். நாம்பன் கன்றாயின்? ஏர் பூட்ட இங்கே வயல் இல்லை. வண்டி இழுக்கும் காலமும் போயிற்று. கன்று குடிக்கும் பால் விற்கும் பாலிற் குறையும். ஆதலால் அது அரைவயிற்றோடு நின்று, சின்னாளில் விலைபேசப்பட்டு, மலைப்பாதையிற் செல்லும் வாகனமொன்றில் ஏற்றப்படுகின்றது. கறவை வற்றிய பசுவின் முடிவும் பெரும்பாலும் இதுவே.

இறைச்சி உண்ணாத சைவன் தன் கை தூயது எனலாம். ஆயின் அவன் பருகிய பாலுக்கும் அக்கன்றின் பயணத்துக்கும் தொடர்புண்டு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊன் விலக்கும் கிறித்தவனும் அவ்வாறே. கவ்வாத்து வெட்டுக்கு முன் கவ்வாத்துச்சாமிக்கும், தொழிற்சாலையில் ரோதமுனிக்கும் சேவலும் கிடாயும் பலியிட்ட வழக்கம் நம் தோட்டங்களில் இருந்ததை மறைத்துவிட்டு நாம் பிறரைக் குறைகூறல் இயலாது. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலியைத் தடைசெய்தது. 2018 இல் அமைச்சரவை இந்துக் கோயில்களின் பலியைத் தடுக்கச் சட்டம் இயற்ற இணங்கிற்று. பலிபீடத்தில் ஆண்டுக்கொருமுறை வெட்டப்பட்ட கிடாய்க்காகக் குரல் எழுப்பினோம்; நாள்தோறும் வாகனத்தில் ஏறும் கன்றைப் பற்றிப் பேசாதிருந்தோம். கிடாயை விடுவதற்கு ஒரு வழக்கத்தை விட்டாற் போதும். கன்றைக் காப்பதற்கு வருமானத்தில் ஒரு பங்கை விடவேண்டும். வறியவனிடம் அதனைத் தனியே விடச் சொல்லுதல் நீதியாகாது.

ஆதலின் இப்பொறுப்புக் கோயிலும் தேவாலயமும் கூடி ஏற்கவேண்டிய பொறுப்பாகும். கன்றுக்கு முதற் சில வாரங்களேனும் வயிறு நிறையப் பால் விடுதல், கொட்டிலில் உலர்ந்த தரையும் கழுத்துக் கயிற்றில் நீளமும் வைத்தல், ஏற்றிச் செல்லும் வாகனத்தில் நெருக்கமும் தாகமும் நேராது பார்த்தல் என்பன பெருஞ்செலவின்றி ஆகக்கூடியன. கிடாரிக் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தைக் கொண்டு சினைப்படுத்தும் முறை பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிதல் நம் மாணவர் செய்யக்கூடியது. எருவுக்காக நாம்பனை வளர்க்க இயலுமா என்பதும் ஆராயத்தக்கதே. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது சாணத்தின் அருமையை இந்நாடு முழுவதும் உணர்ந்தது. இவற்றுக்காகும் செலவைத் திருவிழாக் கணக்கிலிருந்தும் அறுப்புப் பண்டிகைக் காணிக்கையிலிருந்தும் ஒரு பங்கு ஒதுக்கித் தோட்டத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டாகத் தாங்குதல் கூடும்.

பிறைமற்றும் புறூமும் கொம்பேட்சும் வேதநாயகரும் இராமலிங்க அடிகளும் நாவலரும் ஒரே மரபினர் அல்லர்; ஆயினும் அவரவர் மரபினுள் அவரவர் கண்ட அறம் ஒரு திசையையே காட்டிற்று. அத்திசையில் அவர்கள் சென்ற தொலைவுக்கு அப்பாலுஞ் செல்லவேண்டிய பாதை உண்டு. வரும் தை மாதத்திற் பட்டிப் பொங்கலன்று பசுவின் நெற்றியிற் பொட்டிடும் கைகளும், அடுத்து வரும் அந்தோனியார் திருநாளில் செபிக்கும் கைகளும், அக்கொட்டிலின் மூலையில் நிற்கும் நாம்பன் கன்றுக்கு என் செய்வது என்று ஒருங்கிருந்து ஆலோசிக்குமாயின், கொத்மலை மக்கள் இவ்வரலாற்றுக்குத் தம் பங்காக ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தவராவர்.